ஆறாம் கட்டிலின் குவளை

போலீஸ் கொமிசேர் ஐயாவுக்குத் தாகமாக இருக்கிறது, என் எதிரில் தண்ணீர் குடிக்கக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நோயாளிகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். குடியுங்கள். நான் சொல்லப்போவது எங்கும் ஓடிவிடாது.

பதினோரு வருடமாகப் பெண்கள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். சென்ற வருடம், 1937இல், பிரான்சிலிருந்து கப்பலில் சிவப்பு மாத்திரைகள் வந்தன. நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக வருகிறவர்களை அவை குணமாக்குமா என்று பார்க்க, தொக்தர் துரை பன்னிரண்டு கட்டில்களை ஒதுக்கினார். மாத்திரை உடம்பில் இறங்கினால் சிறுநீர் சிவக்கும். துரை அருகே வந்தாலே எங்கள் பெண்கள் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொள்வார்கள். அதனால் குவளைகளை நான்தான் வாங்கி, எண் ஒட்டி, ஜன்னல் பலகையில் வரிசையாக வைப்பேன். அவர் நிறத்தைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வார். மாத்திரை வேண்டாம் என்பவளுக்குக் கட்டில் கிடையாது.

"தொரைக்கு நம்ம மூத்தரத்து மேல என்னாக்கா அப்பிடி ஆசை? விடிஞ்சா அதும் மூஞ்சிலதான் முழிக்கிறாரு" என்பாள் ஐந்தாம் கட்டில் வேம்பு. வார்டே சிரிக்கும்.

ஆறாம் கட்டில் ஆதிலட்சுமி சிரிக்கவில்லை. மில் வேலைக்காரி, பத்தொன்பது வயது. வேலை நேரத்தில் ஒதுங்க இடமில்லை என்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே இருந்து நோயை வாங்கிக்கொண்டவள். வேம்புவின் குவளையைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரத்தமா போவுதேக்கா. எனக்கு வேணாம். வூட்டுக்கும் அனுப்பிடாதக்கா, அங்க பாக்க ஆளில்ல. தொரைகிட்ட சொல்லாத."

எனக்கு யாரையும் அழவைக்கப் பிடிக்காது. கல்யாண வீட்டில் ஆலம் கரைப்பதுபோல மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து அவள் குவளையில் விட்டேன். நல்ல சிவப்பு. பயந்த மற்றவர்களும் கேட்டார்கள், அவர்களுக்கும் செய்தேன். மாத்திரைகளை வீணாக்கவில்லை, ஒரு டப்பாவில் சேர்த்துவைத்தேன்.

எட்டாம் நாள், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே ஆதிலட்சுமி கேட்டாள்: "வேம்பக்கா எழுந்து நடக்குதே. அந்த மாத்திரைய எனக்கும் குடுத்துடுக்கா, முழுங்கிடறேன்."

நோட்டில் அவள் எண்ணுக்கு நேரே ஏழு நாள் மாத்திரை குறித்தாகிவிட்டது. ஏழு நாளில் இறங்காத காய்ச்சல் சட்டென்று இறங்கினால் துரை காரணம் கேட்பார். முதலில் அவளைத்தான் திட்டுவார். அந்த அவமானம் அவளுக்கு எதற்கு?

"தீந்துபோச்சு கண்ணு" என்றேன். டப்பா என் மடியில் இருந்தது.

மூன்று நாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் கேட்கவில்லை. அவளுக்குப் பிறகு இன்னும் மூன்று பேர். ஒருத்தியையும் தனியாக விடவில்லை. எல்லோருடைய கண்களையும் நான்தான் மூடினேன்.

மருந்து பயனற்றது என்று எழுதி துரை மாத்திரைப் பெட்டியைப் பூட்டிவிட்டார். இப்போது டப்பா அகப்பட்டதும் நீங்கள் கேட்கிறீர்கள்: எந்தெந்தக் கட்டில்களில் உண்மையாகவே மாத்திரை கொடுத்தேன் என்று. வேம்பு ஒருத்தியை மட்டும் வைத்து துரை நம்பமாட்டார், மற்றவர்களையும் சொன்னால் இன்று வார்டில் கிடக்கும் ஒன்பது பேருக்காகப் பெட்டியைத் திறப்பார் என்கிறீர்கள். திறப்பார்தான்.

ஆனால் துரைக்குத் தெரியவிடமாட்டேன் என்று அந்தப் பெண்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். என்னை நம்பினவர்களை நான் ஒருநாளும் கைவிட்டதில்லை. மன்னியுங்கள், சொல்லமாட்டேன்.