மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும் டயர்

மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளம் போகும் படகில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஓடாமலே நாலு டயரும் போச்சே," என்றாள் அவள்.

"மெல்லப் பேசு. வண்டி நின்னு நின்னே டயர் விரிசல் விட்டிருச்சு. எஸ்யூவிக்கு இனி மழை, வெயில் எல்லாத்துக்கும் தாங்குற டயரா போடணும்," என்றார் கணவர்.

"புது டயர்ல துருத்திக்கிட்டு இருக்குற ரப்பர் முடிகூட பழசுல இன்னும் தேயாம அப்படியே இருக்கு. ஏன் மாத்துறீங்கன்னு கடைக்காரர் கேட்டா?"

"நெறைய ஓட்டம்னு சொல்லுவேன்."

"பொய் எதுக்கு? நம்ம சந்துல வண்டி எடுக்கப் பயம்னு சொல்லுங்க."

படகுத்துறை நெருங்கும்போது அவர் சொன்னார்.

"அம்மாவ ஆஸ்பத்திரிக்கு ஆட்டோல கூட்டிட்டுப் போன அன்னைக்கு, வண்டி எடுக்கப் பயந்து, டயர் பஞ்சர்னு பொய் சொன்னேன். கல்லு மாதிரி இருந்த டயரத் தொட்டுப் பாத்துட்டு அம்மா, 'ஆமாடா, காத்தே இல்ல'ன்னாங்க."