தூங்கல, யோசிக்கிறேன்

சிரிச்சுக்கோங்க சார், பரவாயில்ல. பஸ் ஏறுனதுல இருந்து என் மூஞ்சியையும் உங்க போனையும் மாத்தி மாத்திப் பாக்குறீங்க, எனக்குத் தெரியாதா? ஆமா, நானேதான். சேர்ல சாய்ஞ்சு, வாயைப் பொளந்துக்கிட்டு, கண்ணாடி நெத்தியில, ஒத்தக் கால்ல மட்டும் செருப்பு, கீழ 'தூங்கல, யோசிக்கிறேன்'... அந்த ஸ்டிக்கர்! அது கற்பனை ஆளுன்னு நெனச்சீங்களா? ரத்தமும் சதையுமா உங்க பக்கத்துல ஒக்காந்திருக்கேன். கொஞ்சம் தள்ளிக்கோங்க, கம்பி இடிக்குது.

யாரு வரைஞ்சதா? வேற யாரு, என் பொண்டாட்டி! பாடப்புத்தகத்துக்குப் படம் போடுறவ. அணில், ஆமை, இலைன்னு சின்னப் புள்ளைங்க பாக்குறது பாதி அவ கைதான். வேலை போக மிச்ச நேரத்துல தனக்குன்னு வரைவா. வரைஞ்சதை எல்லாம் இன்டர்நெட்ல தன் பக்கத்துல போட்டுருவா. கீழ ஒரு வரி... 'யார் வேணா எடுத்துக்கலாம், பேரை மட்டும் போடுங்க.' அவ்வளவுதான்! ஏம்மா இப்படின்னு கேட்டா, காப்பிரைட் சட்டத்தையே மாத்தணும்ங்கிறா. அதுக்கு லைப்ரரி மாடியில மாசாமாசம் கூட்டம் வேற. வரைஞ்சவன் செத்து ரெண்டு தலைமுறை ஆனப்புறமும் படத்தைப் பூட்டி வைக்கிறது என்ன நியாயம்னு மைக் புடிச்சுப் பேசுறா சார். 'நீ உயிரோட இருக்கறப்பவே தொறந்து விட்டுட்டியே, அப்புறம் பூட்டுறதுக்கு என்ன மிச்சம் இருக்கும்?'னேன். அன்னிக்கு எனக்கு ஆறிப்போன சோறுதான்.

நான் யாருன்னு சொல்லலியே... லாரி ஒர்க்‌ஷாப்ல ஸ்டோர் கீப்பர். ஒரு நட்டு வெளிய போகணும்னாலும் சீட்டு வேணும், அதுல கையெழுத்து வேணும். மேனேஜரே வந்து நிக்கட்டும், 'சீட்டு எங்க?'ன்னுதான் கேப்பேன். எனக்குப் பட்டப்பேரே 'சீட்டு எங்க'தான்! பின்னாடி போய்ச் சொல்லிக்குவானுங்க, எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு.

அப்பேர்ப்பட்டவன் வாயை, சார்... ஒரு மெத்தைக் கடைக்காரன் எடுத்து ரெண்டு மாடி ஒசரத்துக்கு போர்டு வச்சுட்டான்! சொத்தைப் பல்லு அடைச்சது வரைக்கும் தெரியுது. நான் தெனமும் வேலைக்குப் போற ரோடு அது. இவ என்ன பண்ணா தெரியுமா? கீழ நின்னு அண்ணாந்து பாத்து, 'ஓரத்துல என் பேரு போட்டிருக்காங்க பாருங்க'ன்னு பூரிச்சுப் போறா! எனக்கு வந்துச்சு பாருங்க... 'என் பேரு எங்கடீ? மூஞ்சி என்னுது, வாய் என்னுது, வசனமே என்னுது!'ன்னேன். 'தூங்குனது மட்டும்தான் நீங்க, மத்ததெல்லாம் நான்'னுட்டா. நடுரோட்ல! அந்தக் கடைக்காரன் நன்றின்னு சொல்லி ரெண்டு தலகாணி குடுத்தனுப்புனான். என் மானத்துக்கு வெல ரெண்டு தலகாணி. நல்ல தலகாணிதான், அது வேற விஷயம்.

சும்மா விடலாமா? மத்தியான சாப்பாட்டு நேரத்துல ஸ்டோர் கம்ப்யூட்டர்லயே ஒக்காந்து, அவ படம் போடுற அந்த வெப்சைட்காரனுக்குப் புகார் தட்டி விட்டேன். 'இந்தப் படைப்புக்கு உரிமையாளர் நீங்கதானா?'ன்னு கேட்டான். ஆமான்னேன். என் மூஞ்சிக்கு வேற எவன் சார் உரிமையாளர்? அடுத்து, பொருள் இருக்குற எடத்தைக் குடுன்னான். இங்கதான்... இங்கதான் என் புத்தி வேலையைக் காட்டிருச்சு. ஸ்டோர்ல எது தொலைஞ்சாலும் நான் பொருள் நம்பர் எழுத மாட்டேன், அது இருக்குற அலமாரியோட ராக் நம்பர்தான் எழுதுவேன். ராக்ல போய்த் தேடிக்குவான்ல? அதே பழக்கத்துல, அந்த ஒத்தப் படத்தோட விலாசத்தைக் குடுக்காம, அவ பக்கத்தோட விலாசத்தைக் குடுத்துட்டேன்!

என்ன ஆகும்? மொத்த ராக்குக்கும் சீல் வச்சுட்டான். அணிலு, ஆமை, எல்லாம் போச்சு. எங்கெங்கயோ இருந்து வாத்தியார்ங்க, 'நாளைக்குப் பாடம் நடத்தணும், படம் எங்கம்மா?'ன்னு கேட்டு எழுதுறாங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து வரைஞ்சது சார் அத்தனையும். சமையக்கட்டு மேடையில தலையைச் சாய்ச்சு அழுதா. நான் என்ன பண்ணேன்? முதுகைத் தடவிக் குடுத்து, 'எந்த வயித்தெரிச்சல் புடிச்சவன் வேலைம்மா இது? அவன் வெளங்குவானா?'ன்னு... என்ன சார் அப்படிப் பாக்குறீங்க? சத்தியமா அப்பத் தெரியாது! அவன் ஒத்தப் படத்தைத்தான் எடுப்பான்னு நெனச்சிட்டிருந்தேன். இது வேற எவனோன்னு நம்பி, அவளோட சேர்ந்து நானும் திட்டுனேன். அவளை விட நல்லாவே திட்டுனேன்.

மறுநாளே வெப்சைட்காரன், புகார் குடுத்தவன் பேரை அவளுக்கு அனுப்பிச்சுட்டான், பாவி. அவ உடனே வரையற பேனாவையும் டேப்லெட்டையும் எடுத்துப் பையில போட்டுக்கிட்டு அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா. அங்கதான் இப்ப போறேன். அந்த அக்காவுக்கு என்னைக் கண்டாலே ஆகாது, இனிமே கேக்கவே வேணாம்.

வாபஸ் வாங்கிட்டேன் சார், அன்னிக்கே! பரிசீலிக்கிறோம்னு பதில் வந்துச்சு. பக்கம் வந்துரும். அவ வருவாளா, அதை எவன் பரிசீலிக்கிறது? அவ இல்லாத வீட்ல தூக்கமே வரல. அதே சேர்ல சாய்ஞ்சு பாக்குறேன், வாய் கூடத் தொறக்க மாட்டேங்குது.

சரி... ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்கக் கூடாது. அந்த ஸ்டிக்கர்... உங்க போன்ல இருக்குல்ல? எனக்குக் கொஞ்சம் அனுப்புறீங்களா? என்னுதுல புகார் குடுத்தன்னிக்கே அழிச்சுட்டேன், கொள்கைன்னு. ஒத்த வார்த்தை எழுதத் தெரியல சார் அவளுக்கு, எது எழுதுனாலும் புகார் மனு மாதிரியே வருது. இது அவ வரைஞ்சதுதானே, இதையே அனுப்பிருவோம்னு... இந்தாங்க, நீங்களே என் நம்பரைத் தட்டிக்கோங்க. ஹா! வந்துருச்சு, வந்துருச்சு. பரவாயில்லியே, சும்மாவே குடுத்துட்டீங்க! நல்லா இருங்க.

அனுப்பிட்டேன்... பாத்துட்டா! ஏதோ தட்டுறா சார்... நிறுத்திட்டா... மறுபடி தட்டுறா... ஐயோ, இருங்க, எறங்காதீங்க, ஒரே நிமிஷம்! பதில் வந்துருச்சு. கண்ணாடி எங்க... நெத்தியிலதான் இருக்கு...

'சீட்டு எங்க?'ன்னு கேக்குறா சார்! சார்...? கண்டக்டர், இங்க ஒக்காந்திருந்தவரு எங்கங்க?