காலி ஊசி

உங்க ஆஸ்பத்திரி பெஞ்சு ரொம்ப சவுகரியம், டாக்டரம்மா. நாயோட வர்ற மத்தவங்க எல்லாம் எப்படா கூப்பிடுவாங்கன்னு இந்த அறைக் கதவையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. எனக்கு மட்டும், நீங்க இன்னும் கொஞ்சம் தாமதமாக் கூப்பிட்டாத் தேவலைன்னு இருக்கும். ஒரு பக்கம் எங்க நாய் தொப்பை என் செருப்பு மேல தலையை வெச்சுப் படுத்திருக்கும். இன்னொரு பக்கம் என் பொண்ணு உக்காந்திருப்பா.

நேத்து போன்ல, "மருந்து அளவைக் கூட்டினது நான்தானே, என்னாலதானே அது செத்துச்சு"ன்னு சொன்னீங்க. எனக்குத் தூக்கமே வரல. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன். கதவை மட்டும் சாத்திக்கறேன்.

தொப்பைக்குச் சர்க்கரை வியாதின்னு நீங்க கண்டுபிடிச்சப்ப, பொண்ணு அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்தா. குட்டியில அதுக்கு அந்தப் பேர் வெச்சதே அவதான். வியாதியில வயிறு ஒட்டிப்போய் பேர் மட்டும்தான் மிச்சம். ஒரு வாரம் எங்கூடவே இருந்தா. காலையில சாப்பாடு வெச்சதும் ஒரு இன்சுலின் ஊசி, சாயங்காலம் ஒண்ணு, பிடரித் தோலைத் தூக்கிப் போடணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தா. தொப்பை தேறிச்சு. அவ கிளம்பிட்டா.

அவளைக் குத்தம் சொல்லல. வேலை அப்படி. அவ அம்மா போனப்புறம் அந்த வீட்டுக்கு வரவும் அவளுக்கு மனசு ஒப்பல. போன்ல "சாப்பிட்டீங்களாப்பா?"ம்பா. "ஆச்சும்மா"ம்பேன். அதோட பேச்சு தீந்துடும்.

முதல் தடவை நிஜமாவே ஊசியை மறந்துட்டேன். மறுநாளும் அப்படியே. தொப்பை வாந்தி எடுத்துச் சுருண்டுடுச்சு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பொண்ணுக்குச் சொன்னேன், போட்டது போட்டபடி வந்துட்டா. வெளிய அந்தப் பெஞ்சுல என் தோள்ல சாஞ்சு தூங்கினா. சின்னப் புள்ளையில அப்படிச் சாஞ்சவ, அதுக்கப்புறம் அன்னிக்குத்தான்.

அப்புறம் நான் மறக்கல. சொல்லவே நாக்கு கூசுது.

விஷம் கிஷம் எதுவும் வைக்கல. பட்டினி போடல. ஒரு தடவைகூட அதை அதட்டினது கிடையாது. மருந்தை மட்டும் குடுக்கல. "ஊசி போட்டாச்சா, காட்டுங்க"ன்னு பொண்ணு போன்ல கேப்பா. மருந்தை அளவா இழுத்து, பாத்திரம் கழுவுற தொட்டியில பீச்சிட்டு, காலி ஊசியைக் காட்டுவேன். தொப்பைக்கு அதெல்லாம் தெரியாது. சாப்பிட்டதும் தானா வந்து பிடரியைக் குனிஞ்சு காட்டும். தடவிக் குடுத்து அனுப்பிடுவேன். ஒரு குத்து மிச்சம் அதுக்குன்னு நினைச்சுக்குவேன். ரொம்ப வாடிட்டா நாலு நாள் போட்டுத் தேத்துவேன். தேறினதும் விட்டுடுவேன்.

நீங்க கெட்டிக்காரங்க. சந்தேகப்பட்டு, உங்க முன்னாடியே என்னைப் போடச் சொன்னீங்க. "நர்ஸெல்லாம் உங்ககிட்டதான் கத்துக்கணும்"னு சிரிச்சீங்க. மருந்து கேக்கலைன்னு அளவைக் கூட்டினீங்க. அப்புறம் இன்னும் கொஞ்சம் கூட்டினீங்க. தேத்துறதுக்குப் போட்டதெல்லாம் பழைய அளவுதான், கூட்டினதுல ஒரு சொட்டுகூட அது உடம்புக்குள்ள போகல.

போன மாசம் பொண்ணு பெட்டியோட வந்து இறங்கினா. "இனிமே நானே பாத்துக்கறேன்ப்பா. நீங்க கொஞ்சம் ஓய்வா இருங்க"ன்னா. தொப்பைக்குச் சோறு வெச்சா. ஃப்ரிட்ஜைத் திறந்து, கூட்டின அளவை முழுசா இழுத்தா. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சுத் திரும்பவும் சரி பாத்தா. நான் சமையலறை வாசல்ல நின்னேன். வேண்டாம்மான்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு.

"என்னப்பா?"ன்னு திரும்பினா.

"ஒண்ணுமில்ல. காபி கலக்கட்டுமா?"ன்னேன்.

தொப்பை தானா வந்து பிடரியைக் காட்டிச்சு.

மத்தியானம் தள்ளாடிச்சு. அப்புறம் வெட்டி வெட்டி இழுத்துது. மருந்து அதிகமாகி அப்படி ஆனா சர்க்கரைத் தண்ணியை ஈறுல தடவணும்னு நீங்க எப்பவோ சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. சர்க்கரை டப்பா கைக்கெட்டுற தூரத்துலதான் இருந்தது. தடவினா ஏன்னு கேப்பா. கேட்டா எல்லாம் வெளிய வந்துடும். பேசாம சாவியை எடுத்து வண்டியைக் கிளப்பினேன். இங்க வந்து சேர்றப்ப அதுக்கு மூச்சு இல்ல.

"நான் அதிகமா இழுத்துட்டேனாப்பா?"ன்னு பெஞ்சுல உக்காந்து கேட்டா. "வேணும்னா செஞ்சே? விடும்மா"ன்னேன். அதைச் சொன்ன வாய் அழுகணும், டாக்டரம்மா. சவரம் பண்ணக் கண்ணாடி முன்னாடி நின்னா என் மூஞ்சியை என்னாலயே பாக்க முடியல.

வேலைக்கு லீவு சொல்லிட்டு இப்ப எங்கூடத்தான் இருக்கா. தட்டுல போட்டது போட்டபடி இருக்கு. "நான் கொன்னுட்டேன்ப்பா"ன்னு வந்து என் பக்கத்துல ஒண்டிக்கறா. தலையைத் தடவிக் குடுக்கறேன், கொஞ்சம் அடங்குறா. தனியா விட்டுட்டு வர மனசில்லாம கூடவே கூட்டிட்டு வந்தேன். வெளிய அந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருக்கா.

தொப்பையைக் கொன்னது நான்தான். நீங்க மனசைப் போட்டு வருத்திக்காதீங்க. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, டாக்டரம்மா. அவளுக்கு இப்ப ஆறுதல்னு இருக்கறது நான் ஒருத்தன்தான். அதையும் பிடுங்கிட்டா அவ என்ன ஆவா?