பத்துப் பேருக்கும் நானே சுட்டேன்

இஸ்திரி போடாத சட்டையோடு நான் வெளியே வருவதில்லை. காலையில் மின்சாரம் இல்லை, அதனால்தான் பத்து நிமிடத் தாமதம். மற்றபடி உங்கள் விசாரணைக்குப் பயந்து நான் ஒளியவில்லை.

படைக்கு எந்தத் தோட்டா என்று முடிவுசெய்யும் குழுவுக்கு நான் தலைவர். வந்தவை இரண்டு. ஒன்று சிறியது, தோளில் அதிகம் உதைக்காது. மற்றது கனமானது, என் அப்பா வடிவமைத்தது. எங்கள் குடும்பப் பெயர்தான் அதற்கும். பழகிய கைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் போர் என்று வந்தால் சமையல்காரனும் சுட வேண்டியிருக்கும் என்று, துப்பாக்கி பழகாத பத்துப் பேரையும் சோதனையில் நிறுத்தச் சொன்னது மேலிடம். அதில் ஒருவன் என் மகன், கிடங்கில் எழுத்தர்.

சிறிய தோட்டாவில் பத்துப் பேரும் சுமாராகச் சுட்டார்கள். அப்பாவின் தோட்டாவில் பத்து இலக்குத் தாளும் ஏறக்குறைய வெறும் தாள்.

"கழுதை உதைச்ச மாதிரி இருக்குங்கய்யா. ரெண்டாவது குண்டுலேருந்து கண்ண மூடிட்டுதான் சுட்டேன்," என்றான் சமையல்காரன். "எதிரியக் கொல்லணும்னா என் சமையலே போதும், அத அனுப்பிடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். என் அப்பாவைப் பார்த்துச் சிரித்ததாகவே எனக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சுடுதளத்துக்குத் தனியாகப் போனேன். புதுத் தாள்களை மாட்டி, பத்துப் பேருக்கும் நானே சுட்டேன். ஒரு சமையல்காரன் ஓரளவு நன்றாகச் சுட்டது போலச் சுடுவது எளிதல்ல; அளந்து தவற வேண்டும். ஒன்பது தாளில் தவறினேன். மகன் பெயர் எழுதிய தாளில் மட்டும் தவற மனம் வரவில்லை. ஐந்து குண்டும் நட்டநடுவில்.

அப்பாவின் தோட்டா தேர்வாயிற்று. அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, குறி தவறாதவன் என்று மகனை மலைமேல் எல்லைச் சாவடிக்குப் போட்டார்கள்.

"அப்பா, என் குண்டு ஒண்ணுகூடத் தாள்ல படல. உங்களுக்கே தெரியும். ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா விட்டுடுவாங்கப்பா."

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையோடு அப்பாவின் பெயரும் போயிருக்கும்.

"தாத்தா பேர் இருக்கு. நிமிர்ந்து போடா," என்றேன். போனான்.

தாள்களை மாற்றியது நான். தெரிந்தே அவனை அனுப்பியதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வருந்துகிறேன் என்று மட்டும் எழுதாதீர்கள். எதிரி தாக்கியபோது சாவடியில் பதினேழு பேர் இறந்தார்கள், அங்கே சமைக்கப் போயிருந்த அந்தச் சமையல்காரன் உட்பட. மகன் உடலருகே நாற்பது தோட்டாக்களின் காலிக் கூடுகள் கிடந்ததாக உங்கள் அறிக்கையே சொல்கிறது. ஓடவில்லை, கடைசிவரை சுட்டிருக்கிறான். எங்கள் இரத்தம். ஒன்றுகூட யார்மேலும் படவில்லை என்றும் அதில் போட்டிருக்கிறது. அன்று மலையில் காற்று பலமாக இருந்திருக்கும்.