உதவி வருகிறது

என் அக்காவுக்குப் பட்டன் அமுக்குவதென்றால் கொள்ளைப் பிரியம். லிஃப்டில் ஏறினால்கூட அவள்தான் அமுக்க வேண்டும். அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவள். நீங்கள் கேட்பது அவளுடைய டேப்லெட்டைப் பற்றி என்று தெரியும், இன்ஸ்பெக்டர் ஐயா. அதற்குத்தான் வருகிறேன்.

தனியாக இருக்கும் நோயாளிகளின் வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்று. அதன் இணையதளத்தை எழுதிப் பராமரிப்பவன் நான். அதில் ஒரு சிவப்புப் பட்டன். அமுக்கினால் திரையில் 'உதவி வருகிறது' என்று வரும், அலுவலகத்தில் மணி அடிக்கும், பக்கத்தில் இருக்கும் ஆள் கிளம்புவார். ஒரு பிரவுசரில் மட்டும், திரை அணைந்து எழுந்த பிறகு அமுக்கினால் எழுத்து வரும், மணி அடிக்காது. தப்பு பிரவுசரில். நான் எழுதியதில் இல்லை. அதைச் சமாளிக்க எங்கள் தளத்தில் நாலு வரி நிரல் சேர்த்து ஓர் ஒட்டுப் போட்டேன். எல்லாருக்கும் ஒழுங்காக வேலை செய்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அடுத்தவன் கூரை ஒழுகுவதற்கு நான் எத்தனை நாள் வாளி வைப்பது? பிரவுசர் கம்பெனிக்கு எழுதினேன். 'எங்கள் சோதனையில் அப்படி எதுவும் நடக்கவில்லை' என்று புகாரை மூடினார்கள். திரும்பத் திரும்ப எழுதினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடைசியில் ஒரு பெண் போனில் பேசினாள், மரியாதையாகத்தான்.

"உங்க கஷ்டம் புரியுது சார். ஆனா இதனால நிஜமா யாராவது பாதிக்கப்பட்டிருக்காங்களா?"

யாரும் இல்லை. என் ஒட்டுதான் எல்லாரையும் காப்பாற்றிக்கொண்டிருந்ததே.

அதனால் ஒட்டை எடுத்தேன். எல்லாருக்கும் இல்லை, அவ்வளவு கல்நெஞ்சக்காரன் இல்லை நான். அக்காவின் டேப்புக்கு மட்டும், அதிலும் அதே பிரவுசர்தான். அவளுக்கு ஆஸ்துமா. அந்தச் சேவையில் அவளைச் சேர்த்துவிட்டதே நான்தான். ஆனால் மருந்து பாட்டில் மூடி திறக்கவில்லை என்றாலும் அமுக்குவாள்.

"சும்மா சும்மா எதுக்குக்கா அமுக்குறே?"

"வர்றவங்க ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறாங்கடா. நீ எங்க வர்றே?"

மூடிக்காக ஒரு தடவை ஆள் வராமல் போனால் குடி முழுகிவிடாது. எனக்கு ஒரு சாட்சி கிடைக்கும். அவளிடம் சொல்லவில்லை. கேட்டிருந்தால் தம்பிக்காக மாட்டேன் என்றா சொல்லியிருப்பாள்?

அவள் அமுக்குவதெல்லாம் என் திரையில் பதிவாகும்படி வைத்திருந்தேன். ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது ஒன்று வந்தது. எழுத்து வந்தது, மணி இல்லை. அவ்வளவு தெளிவான பதிவு. பிறகு இன்னொன்று. அப்புறம் விடாமல் வந்தது. மூடி திறப்பதற்கு யாரும் அப்படி அமுக்கமாட்டார்கள். அது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது, ஐயா. போனைக் கையில் எடுத்தேன். கூப்பிட்டால் அமுக்குவதை நிறுத்திவிடுவாள் என்று திரும்ப வைத்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் பதிவானால் அவர்களால் மறுக்கவே முடியாது. அக்கா வீடு அடுத்த தெருதான். அமுக்குவது நின்றது. பதிவைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு நடந்து போனேன்.

நாற்காலியில் வாசலைப் பார்த்தபடி இருந்தாள், மூச்சு இல்லை. மடியில் டேப். 'உதவி வருகிறது' என்றே இருந்தது. எனக்கென்று இருந்த ஒரே ஒருத்தி. அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அது நடிப்பில்லை, வேண்டுமானால் அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

பிரவுசர் கம்பெனி உடனே தவறைத் திருத்தியது. அந்தப் பெண்ணே கூப்பிட்டு நன்றி சொன்னாள். நீங்கள் என்னைத் தேடி வந்ததற்கு முந்தின நாள், அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து, ஒட்டு இல்லாமலே பட்டனை அமுக்கிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்திலேயே ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். வேலைக்குப் புதியவர், அக்காவைத் தெரியாது.

"யாருக்குங்க முடியல?" என்று அறை அறையாகப் பார்த்தார்.

"இப்ப எல்லாம் சரியாயிடுச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.