சிரித்ததால் விற்காத பாட்டு

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை, வோபர்ன் பக்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள்.

"அவள் பல்லைக் காட்டினதாலை என்ரை வேலை போகப் பாத்தது," என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"ஆரடி?" என்றாள் சிநேகிதி.

"எங்கடை சீடிக் கடையிலை விக்கிற ஜப்பான் பாட்டுக்காரி. எல்லாச் சீடிக் கவர்ப் படத்திலையும் மூஞ்சையை நீட்டிக்கொண்டு நிப்பாள். அந்தச் சோகத்துக்கெண்டே பெடியள் வாங்குவினம். இந்தமுறை கம்பெனிக்காரர் அவளைச் சிரிக்கவைச்சுப் படம் எடுத்துப்போட்டினம்."

"சிரிச்சா வடிவுதானே?"

"ஒருத்தரும் தொடேல்லை. 'இது அவள் இல்லை' எண்டிட்டுப் போயிட்டினம். நான்தான் முதலாளிட்டைச் சொல்லி அந்தச் சீடியைக் கடைக்குக் கனக்க எடுப்பிச்சனான். மனுசன் என்னை முறைக்கிறார்."

"பேந்து?"

"கடையிலை ஒட்டியிருந்த அவளின்ரை போஸ்டரைக் கழட்டினன். சீடியளைக் கவுன்டருக்குப் பின்னாலை ஒளிச்சுப்போட்டு, பாட்டை மட்டும் சத்தமாப் போட்டுவிட்டன். கொஞ்ச நேரத்திலை, 'ஆர் பாடுறது?' எண்டு கேட்டு ஒவ்வொருத்தரா வந்திட்டினம். பின்னேரத்துக்குள்ளை எல்லாம் முடிஞ்சுது."

"கவரிலை சிரிக்கிற படத்தைக் கண்டுமோ வாங்கினவை?"

"ஓம். ஒரு சீனப் பெட்டை அதைக் கனநேரம் பாத்தாள். 'அப்பாடா, இப்பவாவது சந்தோசமா இருக்கிறாள்' எண்டு சொல்லி ரெண்டு வாங்கினாள். ஒண்டு தனக்கு. மற்றது, காதலன் விட்டிட்டுப் போனதிலை அழுதுகொண்டிருக்கிற சிநேகிதிக்காம்."