படலைச் சாத்திவிட்டுப் போன யானை

எனக்கு இனிப்பில் அவ்வளவாக நாட்டம் இல்லை. காப்பிக்குக்கூடச் சர்க்கரையைக் குறைத்துப் போடச் சொல்லும் ஆள் நான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ரேஞ்சர் ஐயா. பின்னால் வருவது விளங்க உதவும்.

என் பெயர் சென்னியப்பன். தொண்டாமுத்தூரில் எங்கள் குடும்பத்துக்கு மூத்தவன். நஞ்சுண்டன் என் தம்பி. எங்கள் தோட்டத்தில் சோளம் விளைந்தாலும் கரும்பு விளைந்தாலும் முதலில் அறுப்பது மூத்தவன் கைக்கு வரவேண்டும். அவன் ஒரு வாய் தின்ற பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள். என் அப்பா காலத்திலும் அப்படித்தான். இதில் ருசிக்கு இடமில்லை. மரியாதை மட்டுமே.

உருளைக்கிழங்கு வியாபாரத்துக்கு ஊட்டி போய்வந்த தம்பி, அங்கே ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் ஸ்ட்ராபெரிச் செடியைப் பார்த்திருக்கிறான். நாற்று வாங்கி வந்து மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் நட்டான். அதோடு விட்டிருக்கலாம். ஊட்டியில் பைன் மரத்தடியில் ஊசி ஊசியாக உதிர்ந்து கிடக்கும் சருகைச் சாக்குகளில் அடைத்து, மேட்டுப்பாளையம் வரை ரயிலிலும் அங்கிருந்து மாட்டுவண்டியிலும் ஏற்றிக்கொண்டு வந்தான். பெரியநாயக்கன்பாளையத்தில் வண்டியை நிறுத்தியபோது யாரோ சாக்கைக் குத்திப் பார்த்து, "ஏனுங்க, உங்கூர்ல குப்பைக்கும் பஞ்சமுங்களா?" என்று கேட்டார்களாம். தம்பி சிரித்துவிட்டு வந்துவிட்டான். அது குடும்பத்தைக் கேட்ட கேள்வி என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

அந்தச் சருகைச் செடிகளுக்கு அடியில் மெத்தை போலப் பரப்பினான்.

"செடி என்ன, பெரசவத்துக்கு வந்திருக்குதா? பாய் விரிச்சுப் படுக்க வெக்கறயே" என்றேன்.

"ஈரம் காயாதுங்கண்ணா. களை வராது. பழம் மண்ணுல படாம சுத்தமா இருக்குமுங்க."

அவன் சொன்னபடியே நடந்தது. நீலகிரி மலையில் பைகாராவிலிருந்து கரண்டு வந்து ஊரெல்லாம் மோட்டார் பேச்சாக இருந்தாலும் எங்கள் கிணற்றில் இன்னும் மாடு பூட்டித்தான் தண்ணீர் இறைக்கிறோம். என் மிளகாய்க்கு ஓயாமல் தண்ணீர் கட்டினேன், வாடியது. அவன் நினைத்தபோது கட்டினான். பழம் சருகின்மேல் கழுவி வைத்தது போலச் சிவந்து கிடந்தது. இதில் எனக்குப் பொறாமை இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கோயமுத்தூரில் பழக் கண்காட்சி, கலெக்டர் துரை வருகிறார் என்று செய்தி வந்தது. பழங்கள் பழுத்த அன்று நான் வரப்பில் போய் நின்றேன். எதற்கு நிற்கிறேன் என்று தம்பிக்குத் தெரியும்.

"கண்காட்சி முடியட்டுமுங்கண்ணா. துரைக்குக் குடுத்துப்போட்டு, அடுத்த கூடை உங்களுக்குத்தானுங்க."

அடுத்த கூடை. நான் திரும்பி வீட்டுக்கு வந்தேன்.

"ஒரு பழத்துக்கா இப்படி மொகத்தைத் தூக்கி வெச்சிருக்கறீங்க?" என்றாள் என் மனைவி ராசாத்தாள்.

"மரியாதைக்கு."

"அந்த மரியாதை இனிக்குமுங்களா, புளிக்குமுங்களா?"

அவளுக்கு விவரம் போதாது.

கண்காட்சிக்கு முந்தின நாள் உறவில் ஒரு கல்யாணம். எனக்கு மட்டும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல் வண்டிக்காரனிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆகவே நான் போகவில்லை. வீட்டில் எல்லோரும் போனார்கள். காவலுக்கு இருந்த ஆறுச்சாமியை, "போய்க் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு வா" என்று நானே அனுப்பிவைத்தேன்.

துரையின் வாயில் படுவதற்கு முன் அந்தப் பழங்களை மிதித்து அழித்துவிடுவது என்பதே என் முடிவு. ஆனால் போய் நின்றதும் கால் எழவில்லை. விளைந்த பொருளைக் காலால் மிதிக்க எங்கள் வளர்ப்பு இடம் தராது. வேறு வழியில் அழித்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதன் பிறகு யானையை வரவழைக்க வேண்டியிருந்தது. சருகின்மேல் தடம் விழாது என்பதால் அதை வாரி ஓர் ஓரமாகக் குவித்தேன். ராசாத்தாளின் கல்யாணச் சீரில் வந்த பித்தளை அண்டாவில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, அதன் அடியை ஈர மண்ணில் பதித்துப் பதித்து மலைப்பக்கம் வரை யானைக் காலடி போலத் தடம் வைத்தேன். இந்த வயதில் அது எளிய வேலையில்லை.

சாயங்காலம் தம்பி வந்து பார்த்தான். ஒரு பழம்கூட இல்லை. அந்தச் சருகில் ஒரு பிடியைக் கையில் அள்ளிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அழுதான் என்றே சொல்லவேண்டும். நான்தான் தோளைத் தட்டித் தேற்றினேன். "ஆனை தின்னா புள்ளையாரே தின்ன மாதிரி, கண்ணு" என்றேன். காவலை விட்டுப் போனதற்காக ஆறுச்சாமியை ஊர் கேட்கக் கண்டித்து வேலையை விட்டு நிறுத்தினேன். பிள்ளையார் கோயிலில் மட்டும் தனியாக ஒரு தேங்காய் உடைத்து உண்மையைச் சொல்லிவிட்டேன். பழி சுமந்தது அவருடைய குலம் அல்லவா.

யானை வந்த செய்தி கேட்டு மறுநாள் நீங்கள் வந்தீர்கள். குனிந்து குனிந்து பார்த்தீர்கள்.

"ஏனுங்க பெரியவரே, இந்த ஆனை உங்க மொளகாய்க்குள்ள ஒரு அடிகூட வெக்காம வரப்பு மேலயே போயிருக்குதுங்களே?"

மிளகாய் பூவெடுக்கும் சமயம். அதில் எப்படி அண்டாவை வைப்பது?

"சருகை வேற அழகா அம்பாரம் கட்டி வெச்சிருக்குது. அதுகூடப் போகட்டுமுங்க. போறப்ப முள்ளுப் படலை இழுத்துச் சாத்திக் கவுறும் கட்டியிருக்குதே. என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஆனையைப் பாத்ததில்லைங்க."

அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. படலைத் திறந்தால் சாத்தவேண்டும். இல்லாவிட்டால் ஆடு நுழைந்துவிடும். நடக்கத் தெரிந்த நாள் முதல் அப்படித்தான் செய்கிறேன். கை தானாகச் செய்துவிட்டது.

அதோடு நீங்கள் போயிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் நீங்கள், "இது ஆனையில்லைங்க, திருடன். காவக்காரனை ஸ்டேஷன்ல வெச்சு விசாரிக்கோணும்" என்றீர்கள். எங்கள் தோட்டத்துக்குள் திருடன் நுழைந்தான் என்று நாலு பேர் சொன்னால் குடும்ப மானம் என்ன ஆவது? எங்கள் படலைத் தாண்டி எந்தக் காலத்திலும் திருடன் வந்ததில்லை. ஆகவே சொல்கிறேன். ஆறுச்சாமியை விட்டுவிடுங்கள்.

அவ்வளவையும் நான்தான் தின்றேன். அந்தச் சருகின்மேலேயே துண்டை விரித்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பறித்துத் தின்றேன். உட்கார மெத்தென்று இருந்தது என்பதை மறைக்கவில்லை. பழத்தில் ஒரு மண் துகள்கூட இல்லை. முதல் பழம் மரியாதைக்காக. மீதி, வீணாகக் கூடாதே என்பதற்காக.

நீங்கள் படலைப் பற்றிச் சொன்னதிலிருந்து தம்பி என்னோடு பேசுவதில்லை. நேற்று, நான் குவித்து வைத்த சருகைத் திரும்பவும் செடிக்கடியில் பரப்பிக்கொண்டிருந்தான், வரப்பிலிருந்து பார்த்தேன். புதுப் பூ வந்திருப்பது போலத் தெரிந்தது. அடுத்தது எப்போது பழுக்கும் என்று நீங்களே அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள். எனக்காக இல்லை. யானை வருகிற காலம் தெரிந்தால், காவலுக்கு நானே போய் உட்கார்ந்துகொள்ளலாம்.